வலிக்கக் கூடாது, தங்கச்சி

மயிலாடுதுறை மார்க்கத்து ரயிலிலும், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவையாறு பஸ்களிலும் ஏறித் தினமும் தஞ்சாவூருக்கு வேலைக்கு வரும் கைக்குழந்தைக்காரிகளுக்கு,

பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். பாபநாசத்தில் ஏறி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிற உங்களைப் போன்றவர்களோடுதான் நானும் வேலைக்குப் போய் வந்தேன். பிரசவ லீவு முடிந்து வருகிற பெண்ணைப் பெட்டியில் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். முந்தானையை இரண்டு மடிப்பாகப் போட்டிருப்பாள், கைப்பையை நெஞ்சோடு அணைத்திருப்பாள், அய்யம்பேட்டை தாண்டும்போதே வீட்டுக்கு இரண்டாவது போன் போயிருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் கடைசியில் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பம்ப் வாங்கினேன். உசிரு போற மாதிரி வலிக்குது, அடியில ஒட்டுற அளவுக்குத்தான் வருது. எனக்குப் பாலே இல்லையோ?"

பால் இருக்கிறது. வலிக்கிறது, அதனால் வரவில்லை. இந்த மடலில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

பம்ப் பாலை உறிஞ்சி எடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. குழந்தையின் வாயோ பம்பின் இழுவையோ காம்பைத் தூண்டுகிறது. அந்தச் சேதி மூளைக்குப் போனதும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. அது பால் சுரக்கும் நுண்பைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பாலை முன்னால் தள்ளிவிடுகிறது. "பால் இறங்குது" என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். சிலருக்கு மார்பு சுரீரென்று இழுக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வலியும் பயமும் கூச்சமும் அவசரமும் இந்த ஹார்மோனைத் தடுத்துவிடும். பால் இறங்காத மார்பில் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் காம்புதான் புண்ணாகும்.

பம்பை உருவாக்கியவர்களுக்கே இது புரியக் காலம் பிடித்தது. பழைய கருவிகளில் பல விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தவை. 1956-இல் ஸ்வீடனில் எய்னார் எக்னெல் என்ற பொறியாளர் வெளியிட்ட பம்பின் சிறப்பு, அது குழந்தையைப் போல இழுத்து, விட்டு, மறுபடி இழுத்ததும், இழுவைக்கு ஒரு எல்லை வைத்ததும்தான். தாய்க்கு வலிக்காத கருவிதான் வேலைக்கு ஆகிற கருவியாக நிலைத்தது.

ஆகவே முதல் காரியம், அந்தப் பொத்தானை உச்சத்திலிருந்து இறக்குங்கள். உங்களால் சுகமாகத் தாங்க முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், சுருக்கென்று பட்ட இடத்தில் நிறுத்தி ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டு டீச்சர் ஏழில் வைக்கிறாள் என்பதால் நீங்களும் ஏழில் வைக்க வேண்டியதில்லை. மின்சாரப் பம்புகளில் பெரும்பாலும் இரண்டு ஓட்டம் இருக்கும். ஒன்று வேகமாக, லேசாக இழுப்பது. அது பாலை இறக்குவதற்கு. மற்றது மெதுவாக, ஆழமாக இழுப்பது. இறங்கிய பாலை எடுப்பதற்கு. முதல் ஓட்டத்தில் ஒன்றிரண்டு நிமிஷம், பால் பீறிட ஆரம்பித்ததும் இரண்டாவது. சொட்டு குறைந்ததும் உடனே எடுத்துவிடாமல் மறுபடி முதல் ஓட்டத்துக்கு வாருங்கள், பலருக்கு இன்னொரு முறை இறங்கும். எல்லாம் சேர்த்து பதினைந்து, இருபது நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பால் கூடாது, காம்புதான் வீங்கும்.

அடுத்து புனல். மார்பில் வைக்கிற அந்தக் கிண்ணத்தின் குழாய்ப் பகுதி உங்கள் காம்புக்குப் பொருந்துகிறதா என்பதை வாங்கும்போது கடைக்காரர் கேட்கமாட்டார்; நமக்கும் கேட்கக் கூச்சம். பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். நம் பெண்களில் பலருக்கு அது பெரிது. ஓடும்போது கவனியுங்கள். காம்பு மட்டும் உள்ளே தாராளமாகப் போய் வர வேண்டும். காம்பைச் சுற்றிய கருவளையம் நிறைய உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு ஓரத்தில் உரசி, எடுத்த பிறகு வெளுத்தோ கன்றியோ இருந்தால் சிறிது. ஒரு ஸ்கேலை எடுத்துக் காம்பின் அடிப்பகுதி அகலத்தை, பம்ப் போடுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். இடதும் வலதும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்று சட்டமில்லை. சிறிய புனலோ, உள்ளே பொருத்தும் சிலிகான் வளையமோ தனியாகக் கிடைக்கின்றன. பம்பை மாற்றுவதற்கு முன் இதை மாற்றிப் பாருங்கள். நான் பார்த்த வலிகளில் பாதிக்குமேல் இங்கேதான் தீர்ந்தன.

நேற்று வரை நன்றாக வந்தது, இன்று மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது, இழுவையே இல்லை என்று சிலர் புதிதாக ஒன்று ஆர்டர் செய்துவிடுகிறார்கள். டெல்டாக்காரிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? போர்செட் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் நாம் முதலில் பார்ப்பது ஃபுட் வால்வைத்தானே. இதிலும் அடியில் மெல்லிய ரப்பர் வால்வு ஒன்று உண்டு. அது தளர்ந்தோ கிழிந்தோ போயிருக்கும். சில ரூபாய் சாமான்.

கையை மறந்துவிடாதீர்கள். போடுவதற்கு முன் வெதுவெதுப்பான துணியை ஒற்றி, விரல் நுனியால் மார்பைச் சுற்றி லேசாக நீவிவிடுங்கள். ஓடும்போது மார்பை மெல்ல அழுத்திக்கொடுங்கள். முடிந்ததும் கடைசிப் பாலைக் கையாலேயே பீய்ச்சுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேன் மார்ட்டன் என்ற குழந்தை மருத்துவர் குறைமாதக் குழந்தை பெற்ற தாய்மாரிடம் இதைச் சோதித்தார். பம்போடு கையையும் பயன்படுத்தியவர்களுக்குப் பால் கணிசமாகக் கூடியது என்று அந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கடைசியாக வருகிற பாலில் கொழுப்பும் அதிகம். பிரசவமான முதல் இரண்டு மூன்று நாளுக்குப் பம்பே தேவையில்லை. சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அது குழாயிலும் வால்வு இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். கையால் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி அப்படியே சங்கில் எடுத்துப் புகட்டுங்கள்.

இனி, எவ்வளவு பால் வேண்டும் என்ற கணக்கு. செல்போனில் யாரோ ஒருத்தி ஃப்ரீஸர் நிறையப் பால் பைகளை அடுக்கி வைத்துப் படம் போடுகிறாள், அதைப் பார்த்து இங்கே ஒருத்தி அழுகிறாள். ஒரு மாதம் முடிந்து ஆறு மாதம் வரை குழந்தை சராசரியாக ஒரு நாளைக்கு 750 முதல் 800 மில்லி குடிக்கும். மணிக்கு 30 மில்லி சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வீடு திரும்புகிறவள் 300 மில்லி வைத்துவிட்டு வந்தால் போதும். நாளை குழந்தை குடிக்கப்போவது இன்று வேலையிடத்தில் நீங்கள் எடுக்கும் பால்தான். ஆகவே முதல் நாளைக்கான பாலும், ஒரு நாள் அவசரத்துக்கான பாலும் கையில் இருந்தால் தைரியமாக லீவை முடிக்கலாம். விடிகாலையில் பலருக்குச் சுரப்பு அதிகம், அப்போது குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போதே மறுபக்கம் எடுத்துவிடலாம். வேலைக்குச் சேர இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் போதும். வேலை நேரத்தில், குழந்தை குடித்திருக்கும் நேரத்துக்கு ஒரு தடவை. ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. பால் கொடுத்து முடித்த கையோடு எடுத்துப் பார்த்துவிட்டு 30 மில்லிதான் வந்தது என்று கலங்கக் கூடாது, அப்போது அவ்வளவுதான் வரும். குழந்தைக்குப் போதுகிறதா என்பதை அதன் எடையும் நனைக்கிற துணியும் சொல்லும். பாட்டிலின் கோடு சொல்லாது.

குழந்தை வீட்டிலேயே, மடியிலேயே இருக்கிறவர்களுக்குப் பம்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். குழந்தைக்குத் தேவையானதைவிட அதிகமாக எடுக்க எடுக்க உடம்பு அதையே கணக்காக எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும். பிறகு பால் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட மார்பை ஒட்டக் கறந்துவிடு, அழுத்திப் பிசைந்துவிடு என்பது பழைய வைத்தியம். வீங்கிய திசுவை மேலும் நசுக்கக் கூடாது என்பதே இப்போதைய அறிவுரை. நெஞ்சு இளகுகிற அளவுக்கு மட்டும் எடுத்து, ஈரத்துணியால் குளிர ஒற்றிக்கொண்டு, குழந்தைக்குக் கொடுத்துவர வேண்டும். சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

மெடிக்கல் கடையில் ரப்பர் உருண்டை வைத்த, பழைய ஹாரன் மாதிரியான பம்ப் ஒன்று மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். உருண்டைக்குள் பால் போனால் கழுவ முடியாது, இழுவையும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. கைப்பிடி வைத்த சாதாரணப் பம்ப் நல்லதுதான், கரண்ட் வேண்டாம். அக்காவோ நாத்தனாரோ உபயோகித்த மின்சாரப் பம்பை வாங்கிக்கொள்வது நம் வழக்கம். பாலின் ஈரம் மோட்டார் பக்கம் போகாமல் தடுப்பு உள்ள பம்ப் என்றால்கூட, குழாய், புனல், வால்வு எல்லாம் புதிதாக மாற்ற வேண்டும். தடுப்பு இல்லாத வகையை இரவல் வாங்கவே கூடாது.

சூடு நம் ஊரின் தனிப் பிரச்சினை. எடுத்த பால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி வரையிலான அறைக்குச் சொன்னது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுத் திண்ணைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எடுத்த உடனே குளிரில் வைத்துவிடுங்கள். உறைந்த ஐஸ் பேக் போட்ட பையில் ஒரு நாள் வரை இருக்கும், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அது தாராளம். ஃப்ரிட்ஜின் உட்பக்கத்தில், கதவில் அல்ல, நாலு நாள். ஃப்ரீஸரில் ஆறு மாதம். சூடான புதுப்பாலை ஆறவைக்காமல் பழைய குளிர்ந்த பாலோடு சேர்க்காதீர்கள். ஆடை பிரிந்து மேலே நின்றால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர் நிற்கும் பாத்திரத்துக்குள் பால் கிண்ணத்தை வைத்தால் போதும். குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம்.

கழுவுவது அலுப்பான வேலை, அதனால்தான் அதை வீட்டு ஆண்களிடம் கொடுக்கச் சொல்கிறேன். பால் பட்ட பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முதலில் தண்ணீரில் அலசி, சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்து, நாளுக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து, சுத்தமான துணியில் தானாக உலரவிட வேண்டும். மோட்டாரை நனைக்கக் கூடாது. உங்கள் வீட்டுக்காரருக்கு இது புரியாத கணக்கு ஒன்றுமில்லை.

மாமியார்களைப் பற்றி ஒரு வார்த்தை. "பீய்ச்சி வச்ச பால் பழம்பால், புள்ளைக்கு ஆகாது" என்று சொல்வது அவர் கெட்ட எண்ணத்தால் அல்ல. அவர் காலத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை. பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். குறுவை நடவு வந்து அவரும் வயலுக்குப் போய்விட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி. தடுப்பூசி போடப் போகும்போது அவரையும் அழைத்துப்போய் நர்ஸ் வாயாலேயே கேட்க வையுங்கள். ரப்பர் காம்பு பாட்டில் வேண்டாம், சங்கில் புகட்டுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். அது அவருக்குக் கைவந்த கலை. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, உதட்டோரத்தில் சங்கைச் சாய்த்து, அது விழுங்க விழுங்க ஊற்றுவதை நம் பாட்டிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது இடம். கூச்சமும் அவசரமும் பாலைத் தடுக்கும் என்றேன். வேலையிடத்துப் பாத்ரூமில், யார் கதவைத் தட்டுவார்களோ என்று உட்கார்ந்தால் நல்ல பம்பும் பலிக்காது. தாழ்ப்பாள் போடும் கதவும், முதுகு சாய ஒரு நாற்காலியும், பிளக் ஒன்றும் போதும். இதைத் தயவாகக் கேட்க வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்றது. 2017 திருத்தம் லீவை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகமும், நாளுக்கு நாலு முறை அங்கே போய்வர அனுமதியும் வேண்டும் என்றது. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் பாலூட்டும் இடைவேளை உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் பிரசவ லீவு ஓராண்டு. ஆகையால் இந்தப் பாடு அதிகம் படுவது தனியார் பள்ளி டீச்சர்களும், ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களும்தான். கடைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே இங்கே 2021-இல் ஒரு திருத்தச் சட்டம் தேவைப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்காமல் இரண்டு மூன்று பேராகக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டுகளில் 2015 ஆகஸ்டில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறந்தார்கள். அதில் பம்ப் போடவும் செய்யலாம். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று சத்தமாகவே கேளுங்கள், நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ரயில் ஜன்னலுக்கு வெளியே நடவு நடுகிறவர்களுக்கு இந்த மடலில் பாதி உதவாது. அவர்களுக்கு வேண்டியது கருவி அல்ல, கரையேறிப் போய்க் கொடுத்துவிட்டு வர நேரமும், நிழலில் ஒரு தூளியும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும். 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத் தளத்தில் சிறு குழந்தைகள் ஐந்து பேருக்குக் குறையாமல் இருந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும் என்றது. நாற்றும் நடவும் நடக்கும் தனியார் வயலில் அதைக்கூடச் சொல்வாரில்லை. பக்கத்து வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் கையால் பீய்ச்சச் சொல்லிக்கொடுங்கள். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். கையைக் கழுவி, கட்டைவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயுமாகக் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலின்மேல் விரலைத் தேய்த்து இழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இதிலும் வலி வந்தால் விரல் வைத்த இடம் தப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. ஃப்ரீஸரும் சார்ஜரும் அந்த நாட்களில் எதற்காகும்? கைதான் ஆகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிலருக்குக் குழந்தை குடித்ததுபோக உண்மையிலேயே மிஞ்சும். அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. தமிழ்நாடு அரசு 2015-இல் பல ஊர் அரசு மருத்துவமனைகளில் அதை அமைத்தபோது தஞ்சாவூரையும் சேர்த்தது. ராசா மிராசுதார் மருத்துவமனையில், தாய்க்கு இன்னும் பால் இறங்காத, ஒரு கிலோ சொச்சம் எடையில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பால் போகிறது. கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் சோதனைகள் செய்வார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமிச் சோதனை முடித்து உறையவைப்பார்கள். நீங்கள் மாத்திரை ஏதாவது சாப்பிட்டுவந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பச்சைக் குழந்தைகள் வார்டில் போய்க் கேட்டால் எந்த அறை, எந்த நேரம் என்று காட்டுவார்கள். பம்ப் போடுவதில் சந்தேகம் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பம்பையும் அந்தப் புனலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
பாபநாசத்து நர்ஸ் அக்கா